ஏழாம் நம்பர் மெஷின்

லப்பைக்குடிக்காடு,
6.2.2025

அன்புள்ள கொளஞ்சி அக்காவுக்கு,

ஃபஹ்மிதா எழுதுகிறேன். இங்கே நானும் நஜீமாவும் மாமியும் சுகம். மச்சான் குவைத்தில் சுகம் என்று நேற்றும் பேசினார். உங்கள் சுகம்தான் தெரியவில்லை. பத்து நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாடாலூர் வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். இளவரசன் அண்ணன் மட்டும் இருந்தார். "அவ தம்பி வூட்டுக்குப் போயிட்டாம்மா. எப்ப வருவான்னு எனக்கே தெரியல. சோறு நாந்தான் பொங்கிக்கிறேன்" என்றார். கல்லங்குறிச்சி விலாசம் அவர் தந்ததுதான். சோறு குழைந்திருந்தது, பாவம்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். ஊர்த் திருவிழா பற்றித் தோழிக்கு எழுதச் சொன்னார்கள். பத்துக்கு எட்டு வாங்கினேன். இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்களோ தெரியவில்லை.

அக்கா, அன்றைக்கு சாம்பிள் ரூமில் நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். புது மாடல் ஷூவின் முதல் ஜோடியைத் தைக்கிற இடம் அது. நாலே பேர் உட்காருகிற ஏ.சி. ரூம். அந்த வேலைக்கு நீங்கள் மூன்று வருடமாக ஆசைப்பட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கறுப்புத் தோலைக் கொடுத்து, கறுப்பு நூலையும் கொடுத்து, முன்வளைவில் இரட்டைத் தையல் போடு என்றால் யாருக்குத்தான் வரும்? வெளிச்சம் வேறு போதாது. செக்கிங் பெண் சொன்னதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போதோ உங்கள் பீஸ் ஒன்றிரண்டை நம் லைன் மஞ்சு பிரித்துத் தைத்திருப்பாள், அவ்வளவுதான்.

நீங்கள் இல்லாமல் நாலாம் லைன் நன்றாகவே இல்லை. ஏழாம் நம்பர் மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வேறு யாரையும் உட்கார விடவில்லை. தா.பழூர் ஆர்த்தி தினமும் மூக்கைச் சிந்துகிறாள். அவள் பீஸ் செக்கிங்கிலிருந்து நிறையத் திரும்புகிறது. அவளிடம் என் கதையைத்தான் சொன்னேன். கொளஞ்சி அக்கா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் சேர்ந்த இரண்டு மாதத்தில் என் பீஸ் ஒன்றுகூடத் திரும்பவில்லை, மேடையேறிச் சான்றிதழ் வாங்கினேன், உனக்கும் வரும் என்றேன். இன்னும் அழுகிறாள். நீங்கள் வந்து ஒரு அதட்டல் போட்டால் சரியாகிவிடும்.

சீக்கிரம் வாருங்கள். உங்கள் வெற்றிலைப் பை இன்னும் மெஷின் டிராயரில் இருக்கிறது.

என்றும் உங்கள்
ஃபஹ்மிதா


கல்லங்குறிச்சி,
11.2.2025

மதிப்பிற்குரிய சூப்பர்வைசர் மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி பூவரசன் வயலுக்கே கொண்டுவந்து கொடுத்தான். மக்காச்சோளத் தட்டை வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் வரப்பில் உட்கார்ந்து படித்தேன். தாங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன், பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கையெழுத்துக்கு.

மேடம், நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் செவிடு இல்லை. மேனேஜர் முத்தமிழ்செல்வன் சார் என் பீஸை நம் லைனுக்கே கொண்டுவந்து தூக்கிப் பிடித்து, "இவங்க நல்லா தைப்பாங்கன்னு எழுதிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். அந்தச் செக்கிங் பெண், "சார், ஏழாம் மெஷின் பீஸை தினம் மஞ்சுதானே பிரிச்சுத் தைக்குது" என்று சொன்னதும் என் காதில்தான் விழுந்தது. தினம் என்றாள். தாங்கள் எப்போதோ ஒன்றிரண்டு என்று எழுதுகிறீர்கள். நான் திரும்பி லைனைப் பார்த்தேன். மஞ்சு குனிந்துகொண்டாள். வீரம்மாள் நூல்கண்டை உருட்டினாள். நேற்று வந்த ஆர்த்திகூடக் கூரையைப் பார்த்தாள். என்னைத் தவிர பதினோரு பேர் இருக்கிற லைனில் பதினோரு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

பாஸாகாமல் போனதற்கு நான் ஊரைவிட்டு வரவில்லை. அதற்கு ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் வேனில் ஏறியிருப்பேன். தினமும் மதியம் நான் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு, அந்தக் காலத்தில் நான் எப்படித் தைத்தேன் தெரியுமா என்று பெருமை பேசியிருக்கிறேனே, அப்போது உள்ளே என் பீஸைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்களே. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீரம்மாளை நினைத்துப் பாருங்கள். மாமியார் படுத்த படுக்கை என்று பத்து நாள் லேட்டாக வந்தாள். தாங்கள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் மூணு நாள்தான் என்னால தாங்க முடியும். அதுக்குள்ள ஏற்பாடு பண்ணுங்க. இல்லைன்னா நானே எழுதிக் கொடுக்கிற மாதிரி ஆயிடும்" என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அவள் கோபித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய், அவள் புருஷனிடம் காலையில் பாதி வேலையைப் பார்க்கச் சொல்லிச் சம்மதம் வாங்கிவந்ததும் தாங்கள்தான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நம்ம புள்ள என்று வேனில் எல்லோரிடமும் சொன்னேன். அவளிடம் சொல்ல முடிந்த வாயால் என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை? அவள் தாங்குவாள், நான் தாங்கமாட்டேனா?

எத்தனை நாள் நடந்தது, எப்படி நடந்தது என்று உள்ளது உள்ளபடி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் தபால் தலையை வீணாக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கொளஞ்சி
நாலாம் லைன், ஏழாம் நம்பர் மெஷின் (முன்பு)


லப்பைக்குடிக்காடு,
15.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். மாமி, "யாருக்கு என்ன ஆச்சு புள்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் ஆகியிருக்கிறது. போன கடிதத்தில் நான் எழுதியது பொய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாம்பிள் ரூமில் வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

தீபாவளி லீவு முடிந்து வந்த வாரம் ஆரம்பித்தது. உங்கள் பீஸ் நான்கு திரும்பி வந்தது. முன்வளைவில் இரட்டைத் தையல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடியிருந்தது. லீவுக் களைப்பு என்று நினைத்து மஞ்சுவிடம் கொடுத்தேன். மறுநாள் ஆறு. அதற்கடுத்த வாரத்தில் தினமும் எட்டு, பத்து. சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் வேப்பமரத்தடிக்குப் போனதும் மஞ்சு அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு உட்காருவாள். திரும்பி வரும் பீஸ் எந்த மெஷினுடையது என்று தாளில் எழுத வேண்டியது என் வேலை. நான் அங்கே ஏழு என்று எழுதவே இல்லை. சும்மா ஒரு கோடு போட்டுவிடுவேன். மற்றவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதும் நான்தான். அவர்கள் மேல் கோபம் வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு வாரம்.

சாம்பிள் ரூமுக்கு உங்கள் பெயரை எழுதியபோது, "சிறப்பாகத் தைப்பார்" என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். எழுதமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அங்கே போய் நீங்கள் எப்படியாவது தைத்துவிடுவீர்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உங்களை அத்தனை பேருக்கு முன்னால் நிறுத்தியது நான்தான் அக்கா.

வீரம்மாளிடம் சொன்னதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். வீரம்மாள் எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. நான் முதல் நாள் ஊசியைக் கண்டு பயந்து நின்றபோது பின்னால் நின்று என் இரண்டு கையையும் பிடித்துத் தைக்க வைத்தது நீங்கள். அந்தக் கையைப் பார்த்து, இப்போது சரியில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். நீங்கள் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டுவீர்கள். வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. நம் லைனுக்குத் தொடர்ந்து ஐந்து மாதம் சுழற்கோப்பை வந்தது. உங்கள் பீஸைக் கணக்கில் காட்டினால் அது போய்விடும். அந்த ஆசையும் எனக்கு இருந்தது. உங்களுக்காக மட்டும்தான் மறைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் கை அப்படியேதான் இருக்கிறது. கண்தான். உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கவரில் உங்கள் பீஸ் ஒன்றை வைத்திருக்கிறேன், டிசம்பரில் திரும்பியது. வெயிலில் போய், கையை நன்றாக நீட்டி, தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள். எப்போது தையல் கலங்குகிறதோ அதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

திங்கட்கிழமை முத்தமிழ் சாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதினேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை.

ஃபஹ்மிதா


கல்லங்குறிச்சி,
24.2.2025

ஃபஹ்மிதாவுக்கு,

உன் கடிதத்தோடு வந்த பீஸைக் கோபத்தில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வீசிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மாடு தின்று தொலைத்தால் என்ன செய்வது என்று நானே போய்ப் பொறுக்கினேன். நீ சொன்னபடி வெயிலில் கையை நீட்டிப் பிடித்தேன். தையல் கண்ணாடி மாதிரி தெரிந்தது. எவ்வளவு கேவலமாகத் தைத்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. பக்கத்தில் கொண்டுவந்தேன். எல்லாம் ஒரே கறுப்பு. அங்கேயே சாணிக்கூடைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் தம்பியோடு அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். "போன தீபாவளியிலேருந்து" என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டு, "ரெண்டு வருஷமாவது இருக்கும்மா. நீங்க கையாலயே சமாளிச்சிருக்கீங்க" என்றார். இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திமிர் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் நூல் கோக்க ஆர்த்தியைக் கூப்பிடுவேனே, "உன் கைராசிக்கு நாள் முழுக்க நூல் அறாது" என்று. ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊசிக் கண் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள் என்று லைனில் ஒரு பேச்சு உண்டல்லவா? அதை முதலில் கிளப்பிவிட்டதே நான்தான். யாரையோ பயமுறுத்தச் சொன்னது என்னையே வந்து பிடித்துக்கொண்டது.

கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி பெண்டாட்டி அரிசி புடைத்து வைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து அரிசியில் கல் பொறுக்குவது என் வேலை. கண்ணாடியோடு பார்த்தால் முறத்தில் அத்தனை கல். நான் பொறுக்கி முடித்து வைத்த பானையிலும் கல். மூன்று வாரமாக இந்த வீட்டில் எல்லோரும் கல்லைக் கடித்துக்கொண்டு தின்றிருக்கிறார்கள். "ஏண்டா ஒரு வார்த்தை சொல்லல?" என்று தம்பியைக் கேட்டேன். "நீயே மனசு ஒடஞ்சு வந்திருக்க. இதை வேற எப்படிக்கா சொல்றது?" என்றான். அவன் பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. உன் ஞாபகமும் வந்தது.

நேற்று மஞ்சு வந்திருந்தாள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நீ என்ன செய்தாய் என்று சொன்னாள். சாரிடம் தனியாகச் சொன்னதோடு நீ நிற்கவில்லையாமே. நாலு லைனும் நிற்கும்போது முன்னால் போய், "கொளஞ்சி அக்கா பீஸ் திரும்பினதை நான் மறைச்சேன். அவங்ககிட்டயும் சொல்லல, கம்பெனிகிட்டயும் சொல்லல. மஞ்சு நான் சொல்லித்தான் செஞ்சுது. தப்பு என் பேர்ல" என்றாயாம். சத்தம் நடுங்கியதாம், ஆனாலும் கடைசி வரை நிமிர்ந்தே நின்றாயாம். மூன்றாம் லைனில் எவளோ சிரித்தாள் என்றும், நீ அவளையும் நேராகப் பார்த்தாய் என்றும் சொன்னாள்.

ஃபஹ்மி, உன்னிடம் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் மஞ்சு சொல்லச் சொல்ல என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை மேனேஜர் வந்து போனார்கள், தப்பு என்னுடையது என்று ஒருத்தர் வாயிலிருந்து கேட்டிருக்கிறோமா? உன்னை என்ன செய்தார்கள்? மஞ்சு அதை மட்டும் மழுப்பிவிட்டாள். நீ எழுது.

நான் திரும்பி வருவது பற்றிக் கேட்காதே. எந்த முகத்தோடு அந்தப் பதினோரு பேர் நடுவில் உட்காருவேன்?

கொளஞ்சி


லப்பைக்குடிக்காடு,
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று முதல் நோன்பு. மாமி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறார். போன வருடம் தூக்குவாளியில் கொண்டுவந்தபோது வேனிலேயே பாதியைக் காலி செய்தீர்களே, வாசனை வரும்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

கண்ணாடி வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ். பூவரசன் தம்பியின் பல்லுக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டீர்கள். சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்றாம் லைன் சூப்பர்வைசரே நம் லைனையும் சேர்த்துப் பார்க்கிறார். முத்தமிழ் சார் திட்டவில்லை. "நீங்க சொன்னது நல்லது. ஆனா பன்னெண்டு வாரம் தாள்ல கோடு போட்டிருக்கீங்க. அதை நான் எப்படிம்மா விடுறது?" என்றார். அது நியாயம்தான். பத்தாம் தேதி திங்கட்கிழமை முடிவு சொல்வாராம். உங்களைப் பற்றியும் கேட்டேன். "கண்ணாடி போட்டுட்டு வரட்டும், தைக்கட்டும். அதுக்கெல்லாம் யாரு பேக்கிங்குக்கு அனுப்பப் போறா?" என்றார். ஆனால் பத்தாம் தேதிக்குள் வராவிட்டால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இதை மெல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்படியே எழுதிவிட்டேன்.

இப்போது நான் ஒன்பதாம் நம்பர் மெஷினில் தைக்கிறேன். ஏழில் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். ஒரு வேடிக்கை கேளுங்கள். என் பீஸ் தினமும் திரும்புகிறது! முதல் நாள் பன்னிரண்டு. நேற்று ஒன்பது. சேர்ந்த புதிதிலேயே இரண்டு மாதம் ஒன்றுகூடத் திரும்பாமல் தைத்தவள் நான். மூன்று வருடத்தில் கை இவ்வளவு மறந்துபோகுமா? எனக்கும் கண்ணாடி வேண்டுமோ என்று நஜீமாவின் பாடப்புத்தகத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். கண் நன்றாகவே இருக்கிறது. ஆர்த்தி வேறு, "அக்கா, சேர்ந்த புதுசுல ஒண்ணுகூடத் திரும்பலைன்னு சொன்னீங்களே" என்கிறாள். அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே பயப்படுகிறாள். எனக்கே வராவிட்டால் அவளுக்கு எப்படி வரும் என்று வேலையை விடப் போகிறாளாம். ஊருக்குப் போகப் பையைக்கூடக் கட்டிவிட்டாள்.

பத்தாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது. உங்களுக்காக துஆ செய்கிறேன்.

உங்கள்
ஃபஹ்மிதா


கல்லங்குறிச்சி,
5.3.2025

என் தங்கச்சி ஃபஹ்மிக்கு,

நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடாலூர் வந்துவிடுவேன். குழைந்த சோறு தின்று தின்று உன் அண்ணன் இளைத்துவிட்டாராம். திங்கட்கிழமை காலை வேனில் ஏறுவேன்.

ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்து உன் பக்கத்தில் உட்கார முடியாது.

உன் கை எதையும் மறந்துவிடவில்லை. அந்த முன்வளைவு உனக்கு அன்றைக்கும் வரவில்லை.

நீ சேர்ந்தபோது உன் அத்தா தவறி நாற்பது நாள்கூட ஆகவில்லை. வீட்டைவிட்டு வெளியே வேலைக்கு வந்ததே அப்போதுதான். பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாய். முதல் இரண்டு மாதத்தில் பீஸ் அதிகம் திரும்பினால் அனுப்பிவிடுவார்கள் என்பது அப்போது சட்டம். உன் பீஸ் பாதிக்குப் பாதி தேறாது. மதியம் நீ லுஹர் தொழப் போவாயே, அந்தக் கால் மணி நேரத்தில் உன் ட்ரேயை இழுத்து வைத்துப் பிரித்துத் தைப்பேன். நீ வருவதற்குள் அப்படியே திருப்பி வைத்துவிடுவேன். செக்கிங்குக்குப் போனது என் தையல். முழுசாக இரண்டு மாதம். மஞ்சுவுக்குத் தெரியும், வீரம்மாளுக்குத் தெரியும். நீ மஞ்சுவிடம் என் பீஸைக் கொடுத்தபோது அவள் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று நினைத்தாய்? நம் லைனில் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

அதற்குப் பிறகு உன் தையல் சுமாராக வந்துவிட்டது. விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் மேடையில் உன்னைக் கூப்பிட்டார்கள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் நீ அந்தக் கதையைச் சொல்வாய். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். வேப்பமரத்தடியில் என் பெருமைக்கு நீங்கள் எல்லோரும் ஆட்டிய மாதிரியே. அதைத்தான் உடம்பு கூசுகிறது என்று உனக்கு எழுதினேன். எழுதும்போது எனக்கு இது ஞாபகம் வரவே இல்லை, நம்புவாயா? நீ ஒன்பது பீஸ் திரும்பியது என்று எழுதினாயே, அப்போதுதான் சுரீர் என்றது.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் அந்தக் கதையால் ஆர்த்தி பையைக் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நீ அன்று தைத்ததைவிட நன்றாகத் தைக்க வருகிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டியவள் நீ.

வளைவில் உனக்கு எங்கே தப்புகிறது தெரியுமா? இடது கையால் தோலை முன்னால் தள்ளுகிறாய். தள்ளாதே. விரலை வைத்துக்கொண்டு மட்டும் இரு, மெஷினே இழுத்துக்கொள்ளும். இதை மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நீ அன்றே கற்றுக்கொண்டிருப்பாய். பிரித்துத் தைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

உன்னிடம் எனக்கு எது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீரம்மாள் முகத்துக்கு நேரே நீ சொன்ன சொல்லும், அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு நீ நடந்த நடையும். நாலு லைனுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டே நீ நின்ற நிற்பு. கண்ணுக்கு மருந்து சொல்வதற்கு முன்னால் உன் கோப்பை ஆசையையும் ஒளிக்காமல் எழுதினாயே, அந்த வரி. இதெல்லாம் எனக்கு வராது. எனக்கு நாற்பத்தோரு வயது. உன்னைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஏழாம் மெஷின் உறையை எடுக்காமல் விட்டுவிடு. வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுவேன்.

உன்
கொளஞ்சி அக்கா


பெரம்பலூர்,
8.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. கம்பெனியில் உட்கார்ந்தே எழுதி மஞ்சுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வேனில் ஏறியதும் தருவாள்.

நேற்று வந்த உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நோன்பு திறக்க உட்கார்ந்தவள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேனாம், மாமி சொன்னார். ராத்திரி மச்சானிடம் போனில் கத்தினேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றினேன். அந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, சதுரமாகத் தெரிகிறது. நஜீமா வந்து, "அது ஏம்மா எடுத்துட்டீங்க?" என்றாள். "அது கொளஞ்சி பெரியம்மாவோடது" என்றேன். மூன்று வருடம் என்னைத் தூக்கி நிறுத்திய காகிதம் அது. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது அக்கா. ஒரு வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மகளிர் தினம் என்று ஆளுக்கொரு ரோஜாவும் கேக்கும் கொடுத்தார்கள். கேக்கை வீரம்மாளிடம் கொடுத்துவிட்டு ஆர்த்தியைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன். பிறகு, "அப்ப உங்களுக்கும் வரலையாக்கா?" என்று கேட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பையைப் பிரித்துவிட்டாள். மத்தியானம் இருவரும் இடது கையால் தள்ளாமல் தைத்துப் பார்த்தோம். அவளுக்கு ஐந்து திரும்பியது, எனக்கு நான்கு.

முத்தமிழ் சார் சாயங்காலம் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து நாலாம் லைனை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "ஒரு நாள் பொறுங்க சார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்துல இன்னொண்ணு சொல்ல வேண்டியிருக்கு. அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். எதைச் சொல்லப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்ட பிறகும் லைனைத் தருவாரா என்று எனக்குத் தெரியாது. தந்தால், திரும்பி வருகிற பீஸ் யாருடையதோ அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகப் பார்ப்போம். என்னுடையதைக் கொடுக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

நீங்கள் உள்ளே வரும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பையில் ஒளித்துக்கொண்டு வராதீர்கள், வேனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஏழாம் மெஷின் உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். எண்ணெய் விட்டிருக்கிறேன். தூசி தட்டியிருக்கிறேன். ஆர்த்தி நூல் கோக்க வந்தாள். வேண்டாம், அவங்க வந்து கோத்துக்குவாங்க என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கச்சி
ஃபஹ்மி